நாற்பத்தொரு படங்கள்

தூண், சுவிஸ்
07.01.2024

அன்புத் தங்கச்சி அருந்ததிக்கு,

நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி? எனக்குப் போன மாதம், மார்கழி முழுதும் தடிமனும் இருமலும். இப்போது விட்டுவிட்டது. அத்தானும் சுகம்.

போனில் கதைக்கிறவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். கையெழுத்து மறந்துபோகிறது. முதியோர் இல்லத்துக் குசினியில் நான் எழுதுவதெல்லாம் மரக்கறிப் பட்டியல்தான், அதுவும் ஜெர்மன் மொழியில். நீயும் கையாலேயே பதில் எழுது. உறையின் பின்பக்கம் இருப்பது என்னோடு வேலை செய்கிற ஸ்ரெல்லாவின் முகவரி. அங்கே போடு, அவா எனக்குத் தருவா. வாட்ஸ்அப்பில் இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.

ஒரு விசயம். நினைவு மலர், கலியாணக் கார்ட் எல்லாம் நீ வடிவமைக்கிற அந்த மென்பொருளுக்கு மூன்று வருடமாக அத்தானின் அட்டையிலிருந்து மாதா மாதம் காசு போகிறது. ஒரே தரம் காசு கட்டினால் நமக்கே சொந்தமாகிற மென்பொருள்களும் இருக்கின்றனவாம். அப்படி ஒன்றைப் பார்த்து வாங்கு. என்னுடைய கொஞ்சக் காசு ஸ்ரெல்லாவிடம் இருக்கிறது, குறைந்தால் சொல். அவசரம் இல்லை. ஆனால் தள்ளிப்போடாதே. அத்தானிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், வீணாக யோசிப்பார்.

அம்மாவைக் குளிர் நேரத்தில் கிணற்றடிக்குப் போக விடாதே.

அன்புடன் அக்கா,
சாரங்கா


உருத்திரபுரம், கிளிநொச்சி
02.02.2024

அன்பு அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் மழை விட்ட பிறகு கொஞ்சம் பரவாயில்லை. உங்கள் தடிமன் முழுதாகப் போய்விட்டதா?

கடிதத்தைத் தந்தபோது தபால்கார அப்புத்துரை அண்ணை படலையை விட்டு நகரவில்லை. "பிள்ளை, வங்கிக்காரன்ர கடிதத்தைத் தவிர ஒண்டும் வராத வீடு இது. ஆரும் மாப்பிள்ளை பேசி அனுப்பினவையோ?" என்றார். அக்கா எழுதினவா என்றேன். "போன் இருக்கேக்க அக்கா கடிதம் எழுதினவா எண்டால், அது காணிப் பிரச்சினைதான்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார். சிரித்தேன். பிறகு கடிதத்தை வாசித்தபோது அவர் சொன்னது பொய்யில்லையோ என்று பட்டது.

ஒருதரம் வாங்குகிற மென்பொருள்களைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இந்த ஒன்றில்தான் என் கை பழகியிருக்கிறது. மூன்று வருடத்தில் நூற்றைம்பது நினைவு மலர்கள் செய்திருக்கிறேன். ஒரு மலரின் மேல்தான் அடுத்த மலரைச் செய்கிறேன்: தேவாரப் பக்கம், வம்சாவளிப் பக்கம், நன்றி நவிலல் எல்லாம் அப்படியே இருக்கும், இறந்தவர் மட்டும் மாறுவார். வேறு மென்பொருளில் அவற்றைத் திறந்தால் பழைய தமிழ் எழுத்துருக்கள் சிதறிவிடும். இறந்தவரின் முப்பத்தோராம் நாள் சடங்கில் மலரைக் கொடுக்க வேண்டும், அது தள்ளிவைக்க முடியாத நாள். கை பழகும் வரை அந்த வீட்டுக்காரர் பொறுக்க மாட்டார்கள்.

நேராகக் கேட்கிறேன். அந்த மாதக் காசு உங்களுக்கு உறுத்துகிறதா? அத்தான் ஒருநாளும் அப்படிக் காட்டியதில்லை. மடிக்கணினியை அனுப்பியதும் அவர்தான், கணக்கைத் தொடங்கித் தந்ததும் அவர்தான். "நீ வேலையைப் பார், மாசக் காசு என்ர பாடு" என்றுதான் சொல்லுவார். அவரிடம் சொல்ல வேண்டாம் என்கிறீர்கள். உங்கள் வீட்டுக்கு முகவரி இருக்கும்போது வேறொருவரின் வீட்டுக்கு எழுதச் சொல்கிறீர்கள். எனக்கு இது பிடிக்கவில்லை அக்கா. ஒன்றை மறைத்து இன்னொன்றைக் கேட்கிறீர்கள் போல இருக்கிறது.

கடிதத்தை அம்மாவுக்குக் காட்டவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கச்சி,
அருந்ததி


தூண்
25.02.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு நடக்க முடிவது பெரிய ஆறுதல். நான் சுகம். இங்கே ஏரிக்கரையில் பனி இன்னும் உருகவில்லை.

காசு காரணம் இல்லை. அப்படி நினைத்தாயே என்பதுதான் கவலை.

ஸ்ரெல்லாவின் முகவரியைத் தந்தது வேறொன்றுக்கும் இல்லை. எங்கள் தபால் பெட்டிக்கு ஒரு திறப்புத்தான் இருக்கிறது. அது அத்தானின் சாவிக் கோர்வையில் கிடக்கிறது. அவர் வேலையால் வரப் பிந்தும், கடிதம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். ஸ்ரெல்லா என்றால் அடுத்த நாள் காலை வேலைக்கு வரும்போது கொண்டுவருவா.

நீ புத்தகங்கள் வாசிக்கிறவள், யோசிக்கத் தெரிந்தவள். இதையும் யோசி. அந்தக் கணக்கு நாளைக்கு நின்றால், நீ செய்து வைத்திருக்கிற நூற்றைம்பது மலர்களில் எத்தனையை உன்னால் திறக்க முடியும்? நீ செய்தவை. ஆனால் திறப்பு யாரிடம்?

எல்லாவற்றையும் மாற்ற உனக்கு எத்தனை மாதம் தேவைப்படும்? ஒரு திகதி சொன்னால் எனக்கு வசதி.

அம்மாவுக்கு என் முத்தம்.

அக்கா


உருத்திரபுரம்
20.03.2024

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் நலம். வெயில் தொடங்கிவிட்டது, மின்விசிறி இரைகிற சத்தத்தில்தான் எழுதுகிறேன். நீங்கள் இருவரும் சுகம்தானே?

உங்களுக்கு என்ன வசதி என்று மூன்று நாள் யோசித்தேன். என் வேலை முடிகிற திகதி உங்களுக்கு ஏன் தேவை? விடை கிடைக்கவில்லை. ஆகவே நீங்கள் வேண்டாம் என்றதைச் செய்தேன். அத்தானிடம் கேட்டேன். கோபிக்காதீர்கள், கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

"அத்தான், மாசா மாசம் எனக்காகக் காசு போகுது. உங்களுக்குக் கஷ்டம் எண்டால் நான் வேற வழி பாக்கிறன்" என்றேன்.

"ஆர் உனக்கு உந்தக் கதை சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை. நானாத்தான் யோசிச்சன்."

"அக்கா ஏதும் எழுதினவாவோ?"

"இல்லை அத்தான்."

அவர் சிரித்தார். "அது எனக்கு ஒரு கோப்பிக் காசு, அருந்து. உனக்குப் பயமெண்டால் இண்டைக்கே ஒரு வருசத்துக்கு ஒப்பந்தம் போட்டுவிடுறன். இடையில நிப்பாட்டினால் தண்டம் கேப்பாங்கள். ஆனபடியா ஒருத்தரும் நிப்பாட்டேலாது. சரியோ?"

அன்று பின்னேரமே ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்தது. அடுத்த பங்குனி வரைக்கும் கவலை இல்லை. உங்களுக்கும் இனி இதைப் பற்றி யோசிக்க ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் பிறகுதான் உறைத்தது. அவர் 'சொன்னவாவோ' என்று கேட்கவில்லை. 'எழுதினவாவோ' என்று கேட்டார். இந்தக் காலத்தில் யார் எழுதுகிறார்கள்?

பதிலில் மறைக்காமல் எழுதுங்கள்.

அருந்ததி


உருத்திரபுரம்
19.05.2024

அன்பு அக்காவுக்கு,

சுகமா என்று கேட்பதற்கே தயக்கமாக இருக்கிறது. போனில் கேட்டால் "ஓம், நல்லா இருக்கிறன்" என்கிறீர்கள். கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டு மாதம் ஆகிறது. நானும் அம்மாவும் நலம்.

போன ஞாயிறு வீடியோவில் கதைத்தோமே. போனை அத்தான் பிடித்திருந்தார். நீங்கள் பக்கத்துக் கதிரையில் இருந்தீர்கள். நான் "அக்கா, அந்தக் கடி..." என்று தொடங்கியதும் அம்மாவின் முழங்காலைப் பற்றிக் கேட்டீர்கள். அம்மா பதில் சொல்லி முடித்த பிறகு அதையே இன்னொரு தரம் கேட்டீர்கள்.

இப்போது ஒரு விசயம். இதை யாருக்கும் சொன்னதில்லை. மலர் செய்ய வருகிறவர்கள் என் முன்னால் இருந்து இறந்தவரைப் பற்றி நிறையச் சொல்லுவார்கள். பிறகு "உதைப் போடாதேங்கோ தங்கச்சி" என்று விட்டுவிடுவார்கள். ஒருவர் வானொலியை நெஞ்சில் வைத்தபடி நித்திரை கொள்வாராம். ஒரு பெண் தினமும் ஒரே காகத்தைப் பெயர் சொல்லி ஏசுவாவாம். மலரில் இடம் கிடைக்காத இவற்றை நான் வரைந்து வருகிறேன். இதுவரை நாற்பத்தொரு படங்கள். ஒருநாள் புத்தகமாக வரலாம், வராமலும் போகலாம். என்னுடையது என்று சொல்லக்கூடிய வேலை அது ஒன்றுதான். மடிக்கணினியில் இடமில்லாததால் அந்தக் கணக்கோடு வருகிற இணையச் சேமிப்பில் வைத்திருக்கிறேன்.

சித்திரை 27ஆம் திகதி அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காலை முதல் நாங்கள் வீட்டில் இல்லை. ஆனால் அன்று பதினொன்று பத்துக்கு என் படங்களை யாரோ திறந்திருக்கிறார்கள், கணக்கின் பதிவில் கிடக்கிறது. கணக்கில் இணைந்திருக்கிற இரண்டாவது கணினி உங்கள் வீட்டில் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக நாற்பத்தொன்றும் திறக்கப்பட்டிருக்கின்றன.

அது நீங்களா? திகதி கேட்டதும் இதற்காகவா? பார்த்ததில் கோபம் இல்லை. கேட்காமல் பார்த்ததில்தான்.

பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

அருந்ததி


தூண்
08.06.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதை இப்போதுதான் அறிந்தேன். மருந்தைத் தவறாமல் கொடு. நான் சுகம்.

அது நான் இல்லை. அந்தக் கணினியின் கடவுச்சொல் எனக்குத் தெரியாது.

உன் படங்களை அங்கிருந்து எடுத்து வேறு இடத்தில் வை. திகதியைப் பற்றி இனிக் கேட்க மாட்டேன். இப்போது அது தேவையில்லை.

இங்கே கோடை தொடங்கிவிட்டது. ஏரியில் பிள்ளைகள் குதிக்கிறார்கள்.

அக்கா


உருத்திரபுரம்
30.06.2024

அன்பு அக்காவுக்கு,

அம்மா மருந்து போடுகிறா, வீக்கம் வற்றிவிட்டது. என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. உங்களைப் பற்றித்தான் நாள் முழுதும் யோசிக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்தபோது அதை நம்பவில்லை. மன்னியுங்கள். உங்கள் வீட்டில் இருக்கிற கணினியின் கடவுச்சொல் உங்களுக்குத் தெரியாது என்பதை யார் நம்புவார்கள் என்று நினைத்தேன். நான்கு நாள் கழித்து அத்தான் அம்மாவோடு கதைக்க எடுத்தார். கடைசியில் என்னைக் கேட்டார்.

"என்ன அருந்து, சோலியோ?"

"இல்லை அத்தான். நாலு மலர்தான் கிடக்கு."

"சத்தமில்லாமல் வேற வேலையும் பாக்கிறாய் போல. அந்தக் காகத்தை ஏசுற மனிசி நல்லாயிருக்கு. நான் விழுந்து விழுந்து சிரிச்சனான்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஒரு பரிசைப் பாராட்டுவது போலச் சொன்னார். அதனால்தான் எனக்கு உடம்பு கூசியது. என் அறைக்குள் வந்து, அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, 'நல்ல சட்டைகள் வைத்திருக்கிறாய்' என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? அவரைக் கேட்கவும் முடியாது. அலுமாரிக்குக் காசு கட்டுகிறவர் அவர்.

பிறகு உங்கள் கடிதங்களை முதலிலிருந்து வாசித்தேன். திறப்பு யாரிடம் என்று கேட்டிருந்தீர்கள். நான் மென்பொருளைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றே நினைத்திருந்தேன். ஒரு பெட்டி, ஒரு திறப்பு, ஸ்ரெல்லாவிடம் இருக்கிற கொஞ்சக் காசு. நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

நேற்று ஒருதரம் கட்டி வாங்குகிற மென்பொருளை வாங்கிவிட்டேன், என் வங்கி அட்டையில். உங்கள் காசு தேவைப்படவில்லை. வசதிகள் குறைவு, கொம்பும் காலும் எழுத்தைவிட்டுத் தனியே போய் நிற்கின்றன. நிற்கட்டும். பழைய மலர்களை இறக்கத் தொடங்கிவிட்டேன்.

திகதி கேட்டீர்கள். ஆவணி முப்பத்தொன்று.

அருந்ததி


தூண்
21.08.2024

அன்புத் தங்கச்சி அருந்ததிக்கு,

மாதாவின்ர காவல் உங்கட வீட்டில இருக்கட்டும். அம்மா சுகமோ? என்னை உங்களுக்கு ஒரு முகவரியாத்தான் தெரியும். நான் ஸ்ரெல்லா, முள்ளிவாய்க்கால் பேதுருவின்ர மகள். வடிவா எழுத எனக்கு வராது, கதைக்கிற மாதிரியே எழுதுறன்.

உங்கட அக்கா ஒன்பதாம் திகதியிலயிருந்து என்ர வீட்டில. சாப்பிடுறா, நித்திரை கொள்ளுறா. அடி கிடி ஒண்டும் இல்லை, பயப்பிடாதேங்கோ. உங்கட அத்தான் கை நீட்டுற ஆள் இல்லை. காசு கட்டுற ஆள். போனுக்கு அவர் கட்டுவார், பஸ் அட்டைக்கு அவர் கட்டுவார், சப்பாத்துக்கும் அவர்தான். அக்காவின்ர சம்பளம் போறதும் அவற்ற கணக்குக்கு. நான் ஒருநாள் கேட்டன், "சாரங்கா, உனக்கெண்டு என்ன இருக்கு?" "எல்லாம் இருக்கு ஸ்ரெல்லா, மாசக் கடைசி வரைக்கும்" எண்டா. சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவா.

போகவேணும் எண்டு அக்கா முடிவெடுத்து ஒரு வருசத்துக்கு மேல. "போனால் தங்கச்சியின்ர வேலையை நிப்பாட்டிப்போடுவார்" எண்ட ஒண்டுக்காகத்தான் இருந்தவா. ஆவணி முப்பத்தொண்டு எண்டு நீங்கள் எழுதின கடிதத்தைக் குசினியில வைச்சு மூண்டு தரம் வாசிச்சவா. கலண்டரில ஒரு புள்ளி வைச்சவா, பேனையால இல்லை, பென்சிலால.

அதுக்கிடையில நீங்கள் எல்லாத்தையும் இறக்கிறது அவற்ற கணினியில தெரிஞ்சிருக்கு. "உன்ர தங்கச்சி ஏன் கடையைக் கட்டுறாள்? நீ என்ன ஓதினனி?" எண்டு கேட்டாராம். அக்கா அடுப்பை நிப்பாட்டி, கறிச்சட்டியை மூடி வைச்சிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டிட்டா. நான் கதவைத் திறக்கேக்க கையில அகப்பை இருந்தது. அதை ஏன் கொண்டுவந்தனான் எண்டு அவாவுக்கே தெரியாது.

இப்ப அவாவுக்கு ஒரே கேள்விதான். இரவும் பகலும் கேக்கிறா. உங்கட வேலைக்கு என்ன நடந்தது? எழுதப் பயப்பிடுறா. நீங்கள் எழுதுங்கோ.

அம்மாவுக்கு என்ர அன்பு.

ஸ்ரெல்லா


உருத்திரபுரம்
12.09.2024

அன்புள்ள ஸ்ரெல்லா அக்காவுக்கு,

உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் எல்லா நலமும் கிடைக்கட்டும். அம்மா சுகம். என் அக்காவுக்குக் கதவைத் திறந்ததற்கு நன்றி என்று எழுதினால் அது போதாது, ஆகவே எழுதாமல் விடுகிறேன்.

உங்கள் கடிதம் வரும் முன்பே எனக்குத் தெரியும். ஆவணி 14ஆம் திகதி காலை கணினியைத் திறந்தேன், கணக்கு என்னை உள்ளே விடவில்லை. அத்தானுக்கு எடுத்தேன்.

"ஓ, கடவுச்சொல்லை மாத்தினனான். பாதுகாப்புக்கு."

"அத்தான், ஞாயிற்றுக்கிழமை ஐயாத்துரை ஐயாவின்ர முப்பத்தொண்டு. மலர் சனிக்கிழமை அச்சில இருக்கவேணும்."

"அதுக்கென்ன, திறந்துவிடுறன். அக்காவை வீட்டுக்கு வரச் சொல்லு. வந்த அண்டைக்கே திறப்பன். சின்ன விசயம்."

"அக்கா எங்க போனவா?"

"உனக்குத் தெரியாதோ?" அவர் குரல் மாறவே இல்லை. "உன்ர படங்களும் உள்ளுக்கதானே கிடக்கு. நல்ல படங்கள். வீணாப் போனால் பாவம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

நான் எப்போதும் முதற்பிரதியைக் கடதாசியில் எடுத்து, இறந்தவரின் வீட்டாரிடம் திருத்தக் கொடுப்பேன். ஐயாத்துரை ஐயாவின் மகள் அனோஜாவிடம் அந்த முப்பத்தாறு பக்கமும் சிவப்பு மையில் திருத்தியபடி இருந்தது. அதைக் கொண்டுவந்து என் பக்கத்தில் இருந்து வாசித்தா. நான் புதிய மென்பொருளில் எல்லாவற்றையும் முதலிலிருந்து அடித்தேன். எரிச்சலில் நான் மேசையில் தட்டிய போதெல்லாம், "அப்பாவும் உப்பிடித்தான் மிசினுக்கு அடிக்கிறவர்" என்றா. சனிக்கிழமை அச்சகத்துக்குப் போய்விட்டது. ஒரு பேரனின் பெயர் வம்சாவளியில் விடுபட்டுவிட்டது. அனோஜா பந்தலுக்குள் இருந்து இருநூறு பிரதியிலும் பேனையால் எழுதிச் சேர்த்தா. என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

பழைய மலர்கள் பெரும்பாலும் என்னிடம் வந்துவிட்டன. படங்கள் வரவில்லை. வீட்டுக்காரர்கள் திரும்பக் கேட்டு வருவார்கள் என்று மலர்களை முதலில் இறக்கினேன். என்னுடையதைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று படங்களைக் கடைசிக்கு விட்டேன். இப்போது என் மடிக்கணினியில் மிஞ்சியிருக்கிற பட்டியலில் ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை இலக்கங்கள் மட்டும் வரிசையாகத் தெரிகின்றன. எதுவும் திறக்காது.

ஒரு வேண்டுகோள். இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம். அத்தான் சொன்னதையும் சொல்ல வேண்டாம். தெரிந்தால் அக்கா எனக்காகத் திரும்பிப் போய்விடுவா. இந்தக் கடிதத்தை வாசித்ததும் கிழித்துவிடுங்கள். உள்ளே இருக்கிற மடித்த தாளை மட்டும் அக்காவிடம் கொடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
அருந்ததி


[மடித்த தாள்]

அன்பு அக்காவுக்கு,

சாப்பிடுகிறீர்கள், நித்திரை கொள்கிறீர்கள் என்று அறிந்தேன். அது போதும். நாங்கள் நலம்.

என் வேலைக்கு ஒன்றும் நடக்கவில்லை. சொன்ன திகதிக்கு முன்பே எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். ஆவணியில் ஒரு மலரைப் புதிய மென்பொருளிலேயே செய்து கொடுத்தேன், நன்றாக வந்தது. அந்தக் கணக்கு இனி எனக்குத் தேவையில்லை. படங்களும் பத்திரம்.

அத்தான் ஒருதரம் கதைத்தார். முக்கியமாக ஒன்றும் இல்லை.

அருந்ததி


தூண்
20.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நீயும் அம்மாவும் நலம் என்று ஸ்ரெல்லா சொன்னா. எனக்கு உடம்பு நல்லாயிருக்கிறது. பசிக்கிறது. கனகாலத்துக்குப் பிறகு பசிக்கிறது.

உறையின் பின்பக்கம் இந்தமுறை இருப்பது என் முகவரி. ஸ்ரெல்லாவின் தெருவிலேயே ஒரு அறை. ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு. போனமாதச் சம்பளம் என் பெயரில் இருக்கிற கணக்குக்கு வந்தது. தபால் பெட்டியில் என் பெயரை எழுதி ஒட்டினேன். வீட்டுக்காரி திறப்பு இரண்டு தந்தா. இரண்டும் என்னிடம்தான். இன்னும் ஒன்றும் வராத பெட்டியைத் தினமும் இரண்டு தரம் திறந்து பார்க்கிறேன்.

இப்போது சொல்லலாம். பங்குனியில் என் உடுப்புப் பை ஸ்ரெல்லாவின் வீட்டில் இருந்தது. என் கைப்பையில் தபால் முத்திரைகளை அவர் கண்டது அப்போதுதான். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார், நான் சொல்லவில்லை. அடுத்த நாள், "உன்ர தங்கச்சிக்கு ஒரு வருசம் கட்டிவிட்டிருக்கிறன். இனி உனக்கு என்ன அவசரம்?" என்றார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியவில்லை. நான் பையைத் திரும்ப எடுத்துவந்தேன். இதை உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நான் ஒன்றும் சொல்லாதபோது உனக்கு எப்படித் தெரியும்? நாங்கள் இருவருமே ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடுகிறவர்கள். அது நல்ல பழக்கம் இல்லை.

அம்மாவுக்கு நானே சொல்கிறேன். வருகிற ஞாயிறு எடுப்பேன். இந்தமுறை போனை நானே பிடித்திருப்பேன்.

ஒன்று கேட்கட்டுமா? உன் படங்களை எனக்கு அனுப்புவாயா? கடதாசியில். காகத்தை ஏசுகிற அந்தப் பெண்ணை அவர் பார்த்துவிட்டார், நான் பார்க்கவில்லை. அது எனக்கு நெடுநாளாக நெருடுகிறது.

அக்கா,
சாரங்கா


உருத்திரபுரம்
17.11.2024

அன்பு அக்காவுக்கு,

மழை பிடித்துவிட்டது. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அம்மா சுகம். உங்களோடு கதைத்த பிறகு இரண்டு நாள் அலுமாரியைக் கிளறிக்கொண்டே இருந்தா. மூன்றாம் நாள், "அவளுக்குப் போர்வை கிடக்கோ எண்டு கேள்" என்றா. கிடக்கிறதா?

படங்களை அனுப்புகிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்ப முடியாது. திரும்பப் பார்த்தபோது கோடுகள் எனக்குத் திருப்தியாக இல்லை. ஆகவே ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வருகிறேன், இந்தமுறை கடதாசியில், பென்சிலால். முதலாவதை இதோடு வைத்திருக்கிறேன். பெண்ணின் முகம் வந்துவிட்டது, காகத்தின் கால்தான் இன்னும் சரியாக வரவில்லை. நான்கு தரம் அழித்திருக்கிறேன், தாளைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும்.

அப்புத்துரை அண்ணை உங்கள் கடிதத்தைத் தந்தபோது உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "காணிப் பிரச்சினை முடிஞ்சுதோ பிள்ளை?" என்றார். ஓம் என்றேன்.

மீதி நாற்பதும் மாதத்துக்கு ஒன்றாக வரும். பெட்டியைத் திறந்து பாருங்கள்.

உங்கள் தங்கச்சி,
அருந்ததி